நன்றியுரை வரை

நாக்பூர்
4-4-1993

பெறுநர்: திரு. வேம்புலி, வேம்புலி சவுண்ட் சர்வீஸ், மார்க்கெட் தெரு, ஆவடி.
பொருள்: நாதசுதா சபை அரங்கின் வரலாறு – தகவல் கோருதல்.

ஐயா,

கையெழுத்தை அடையாளம் கண்டு தாங்கள் இதைக் கிழித்துப் போடாமல் இருந்தால் மேலே படிக்கவும். தொழிற்சாலை அலுவலகத்தில் முப்பத்திரண்டு வருடம் குப்பை கொட்டியவன் நான். 'பொருள்' போடாமல் எனக்குக் கடிதம் எழுத வராது.

ஓய்வு பெற்றபின் மகன் ராஜசேகரனோடு நாக்பூரில் இருக்கிறேன். அவனும் பாதுகாப்புத் தொழிற்சாலையில்தான் வேலை பார்க்கிறான். குவார்ட்டர்ஸ், சங்கு, கேட் பாஸ் எல்லாம் ஆவடி மாதிரியே இருக்கின்றன. பேச்சு மட்டும் இந்தி. இங்கே உள்ள தமிழ்க் குடும்பங்கள் வரும் பொங்கலுக்கு ஒரு மலர் போடுகிறார்கள். அதில் நம் சபை அரங்கின் வரலாற்றை என்னை எழுதச் சொன்னார்கள். சொன்னார்கள் என்பதைவிட, நான் எழுதுவதாகச் சொன்னபோது யாரும் மறுக்கவில்லை என்பதே சரி. இதுவரை எழுதியது கீழே:

'1972 விஜயதசமியன்று ஆவடி–பூந்தமல்லி சாலையில் சபையின் அரங்கு திறக்கப்பட்டது. பதின்மூன்று ஆண்டுகள் மாதம் ஒரு கச்சேரி நடந்தது. ரசிகர்கள் கண்ணீர் மல்கக் கேட்டனர். ஒவ்வொரு கச்சேரியும் செயலாளர் பார்த்தசாரதியின் நன்றியுரையோடும் அரங்கு அதிர்ந்த கைதட்டலோடும் நிறைவுற்றது.'

12-10-1985 அன்று நடந்ததையும் எழுதியாக வேண்டும். நான் நன்றியுரையின் நடுவில் இருந்தபோது தாங்கள் மைக்கை நிறுத்தினீர்கள். படிக்கும் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்க்கிறேன், முந்நூறு நாற்காலியும் காலி. ஒரு சபையை ஒரே ஸ்விட்சில் கலைத்தவர் தாங்கள். மலரில் தங்கள் பெயரைப் போடமாட்டேன். 'ஒலிபெருக்கிக் கோளாறு' என்று எழுதுவேன்.

தாங்கள் டேப்பில் பிடித்த கேசட்டுகள் ஏதாவது மிஞ்சியிருக்கிறதா? குறிப்பாக, கச்சேரிகளின் தொடக்கப் பகுதி வேண்டும். வரலாற்று ஆவணம் என்ற முறையில் மட்டுமே கேட்கிறேன்.

ஆர். பார்த்தசாரதி
முன்னாள் செயலாளர்


ஆவடி
22-4-93

செகரெட்டரி சாருக்கு வேம்புலியின் வணக்கம்.

கடிதத்தைக் கிழிக்கவில்லை. நீங்கள் என்னைத் 'தாங்கள்' என்று எழுதியிருந்ததை என் வீட்டுக்காரி முனியம்மா இரண்டு முறை படிக்கச் சொன்னாள். "இத்தினி வருஷமா உன்னை ஏய், வேம்புலினு கூப்ட்டவரு தானே? இப்ப இன்னா ஆச்சாம்?" என்று கேட்டாள். எனக்கும் தெரியவில்லை.

வரலாறு என்று சொன்னதால் போய்ப் பார்த்துவிட்டு எழுதுகிறேன். உங்களுக்குப் பிறகு இரண்டு வருடம் அது கல்யாண மண்டபமாக இருந்தது. இப்போது தையல் கம்பெனி. வாசலில் வாட்ச்மேன் அதே துலுக்கானம்தான். "இன்னா மாமே, கச்சேரி கேக்க வந்தியா? இப்ப மிஷினுங்கதான் பாடிக்கினு கீது, காலைல எட்டுலேந்து" என்று உள்ளே விட்டான். மேடைதான் துணி வெட்டுகிற இடம். தம்பூரா வைக்கிற மூலையில் ஒரு பொம்பளைப் பிள்ளை இஸ்திரி போடுகிறது. நாற்காலி ஒன்றுகூட இல்லை.

நீங்கள் எழுதியதில் சில திருத்தம் உண்டு. சபை அரங்கைத் திறக்கவில்லை. அது உர சொசைட்டி குடோன். மூட்டையை வெளியே எடுத்தார்கள், நாம் உள்ளே போனோம். மழை பெய்தால் சுவரிலிருந்து யூரியா வாடை கிளம்பும், கண் எரியும். மேடையில் இருந்த வித்வானே அழுதிருக்கிறார். ரசிகர்கள் கண்ணீர் மல்கியது உண்மைதான், அதில் பாதி யூரியாவுக்குச் சேரும். இதைப் போடுவதும் விடுவதும் உங்கள் இஷ்டம்.

மைக் சமாச்சாரம். கோளாறு என்று எழுதாதீர்கள். என் ஆம்ப்ளிஃபையர் ஒரு நாளும் கோளாறு ஆனதில்லை. நான்தான் நிறுத்தினேன். ஏன் என்று கேட்காதீர்கள். அன்றைக்கு நீங்கள் திட்டியதோடு நில்லாமல் அம்பத்தூர், வில்லிவாக்கம் சபைகளுக்கெல்லாம் என்னைப் பற்றிக் கடிதம் எழுதினீர்கள். அதற்கப்புறம் எனக்குச் சபை வேலை வரவில்லை. கட்சிக் கூட்டத்துக்குப் போனேன். அங்கேயும் நன்றியுரை உண்டு, யாரும் இருப்பதில்லை. ஆனால் அங்கே யாரும் அதைப் பற்றிக் கவலைப்படுவதும் இல்லை.

கேசட்டெல்லாம் எலி கடித்துவிட்டது.

வேம்புலி


நாக்பூர்
9-5-1993

பொருள்: எலி கடித்த ஆவணங்கள் – விளக்கம் கோருதல்.
பார்வை: தங்கள் கடிதம் 22-4-93.

ஐயா,

யூரியா பற்றிய தகவலுக்கு நன்றி. அது மலரில் இடம்பெறாது.

கேசட்டை எலி கடிக்காது என்று இங்கே ரேடியோ ரிப்பேர் செய்கிறவர் சொல்கிறார். நாக்பூர் எலிகளைப் பற்றி அவருக்கு நல்ல அனுபவம். ஆவடி எலிகள் வேறு மாதிரி இருக்கலாம்.

இந்த இடத்தில் கடிதத்தை முடித்து ஒட்டிவிட்டேன். பிறகு பிரித்தேன்.

வேம்புலி, எனக்கு வித்வான்கள் பாடியது வேண்டாம். அதெல்லாம் கடையில் கிடைக்கிறது. ஒவ்வொரு கச்சேரிக்கும் முன்னால் வரலட்சுமி கடவுள் வாழ்த்துப் பாடுவாள், உனக்கு நினைவிருக்கும். நான் எழுதிய பாட்டு. 'வருவோர்க்கெல்லாம் வாசல் திறந்த நாயகனே' என்று தொடங்கும். பாட்டு சுமார்தான். அவள் பாடினால் சுமாராகத் தெரியாது. அவள் போய் ஏழு வருடம் ஆகிறது. எங்கள் வீட்டில் டேப்ரிகார்டர் வாங்கியது அதற்கு இரண்டு வருடம் கழித்து. அவளுடைய போட்டோ ஒன்பது இருக்கிறது. ஒன்பதிலும் வாயை மூடிக்கொண்டிருக்கிறாள்.

மார்ச் மாதம் ஒரு நாள் குளித்துக்கொண்டிருந்தபோது அந்தப் பாட்டை அவள் குரலில் நினைத்துப் பார்த்தேன். வரவில்லை. என் குரலில்தான் வந்தது. அதற்கு அடுத்த நாள்தான் சபை வரலாறு எழுத வேண்டும் என்று தோன்றியது.

கச்சேரி முழுவதையும் பதிவு செய்தால் கேசட் வீண் என்று சொல்லி, என் நன்றியுரையை மட்டும் பதிவு செய்யச் சொன்னவன் நான்தான். அது எனக்கு நன்றாகவே நினைவிருக்கிறது. இருந்தாலும் நீ எப்போதாவது உத்தரவை மீறியிருக்கலாம் அல்லவா? உன்மேல் எனக்குப் பல புகார்கள் உண்டு. அதில் இதுவும் ஒன்றாக இருக்கக் கூடாதா என்றுதான் கேட்கிறேன்.

பார்த்தசாரதி


ஆவடி
13-6-93

சாருக்கு,

எலி சமாச்சாரம் பொய். கேசட் பத்தொன்பது இருக்கிறது, சீரியல் லைட் வைக்கிற பெட்டியில்.

உத்தரவை நான் மீறவில்லை. ஆனால் ஒன்று இருக்கிறது. நன்றியுரை சரியாகப் பதிய வேண்டுமானால் முதலிலேயே டேப்பில் சத்த அளவு வைக்க வேண்டும், மீட்டர் முள் சிவப்புக்குப் போகாமல். அதை அம்மா பாடும்போதுதான் வைப்பேன். பாட ஆரம்பித்ததும் ரிகார்டைத் தட்டி, முள்ளைப் பார்த்து, சரியானதும் நிறுத்திவிடுவேன். ஏழெட்டு செகண்டு இருக்கும். அதற்குப் பிறகு நேராக உங்கள் நன்றியுரை. எல்லாக் கேசட்டிலும் இப்படித்தான்.

முப்பது வருடம் ஹாரன் ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் நின்றதில் எனக்கு வலது காது போய்விட்டது, இடது காது பாதி. அதனால் முனியம்மாவை உட்கார வைத்துப் போட்டேன். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "ஒரு அம்மா பாடுது. நல்லா பாடுதுய்யா. வாசலைத் தொறந்தாருன்னுது, யாரு தொறந்தாருனு சொல்றதுக்குள்ள நின்னு பூடுது. அப்புறம் ஒருத்தரு தேங்க்ஸ் சொல்றாரு. ஃபேன் குட்த்தவருக்கு, ஜமுக்காளம் குட்த்தவருக்கு, பந்தல்காரருக்கு. நான் போயி சோறு வடிச்சிட்டு வந்தேன், இன்னும் சொல்லிக்கினு கீறாரு."

எல்லாவற்றிலும் அம்மா ஒரே வரிதான். முழுப் பாட்டு எதிலும் இல்லை. கடைசிக் கேசட்டில் அதுவும் இல்லை. அன்றைக்கு அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தார்கள். என் குரலில் 'ஹலோ, மைக் டெஸ்ட்' என்றுதான் இருக்கும்.

எதற்குப் பொய் சொன்னாய் என்று கேட்பீர்கள். அதற்குப் பதில் எழுதப் போனால் இந்த லெட்டர் பத்தாது. நம்ம தொழிற்சாலை ஆனந்தன் மாற்றலாகி அங்கே வருகிறார். அவரிடம் பெட்டியைக் கொடுத்திருக்கிறேன். ஒரே ஒரு வேண்டுகோள். அம்மா பாடுவதைக் கேளுங்கள். உங்கள் நன்றியுரையையும் கேளுங்கள். அது முடிந்த உடனே நிறுத்திவிடுங்கள். அதற்கு மேல் ஒன்றுமில்லை.

வேம்புலி


நாக்பூர்
18-7-1993

வேம்புலி,

நிறுத்தவில்லை.

ஆனந்தன் பெட்டியைக் கொடுத்துப் பதினாறு நாள் ஆகிறது. முதல் இரண்டு நாள் திறக்கவே இல்லை. மூன்றாவது நாள் மருமகள் புஷ்பா ஸ்கூலுக்கு வேலைக்குப் போனபிறகு பேத்தியின் டேப்ரிகார்டரில் போட்டேன். ஏழு செகண்டு. இழுத்துப் பார்த்தால் எட்டு. 'வாசல் திறந்த' வரை பாடுகிறாள், 'நாயகனே' வருவதற்குள் உன் கட்டைவிரல் வந்துவிடுகிறது. முனியம்மா சொன்னது சரிதான்.

எழுபத்தாறில் பாடியதில் மூச்சு நீளமாக இருக்கிறது. எண்பதுக்குப் பிறகு 'வருவோர்க்கெல்லாம்' என்ற இடத்தில் ஒரு முறை மூச்சு வாங்குகிறாள். எண்பத்தைந்தில் இரண்டு முறை. அவள் பாடும்போது மேடைக்குப் பக்கத்தில் நின்று அடுத்து யார் யாருக்கு நன்றி சொல்வது என்று பட்டியல் போட்டுக்கொண்டிருந்தவன் நான். முள்ளைப் பார்த்த உனக்காவது தெரிந்ததா?

என் உரைகளையும் கேட்டேன். வேறு வழியில்லை, அடுத்த ஏழு செகண்டு அதைத் தாண்டித்தான் வருகிறது. ஒன்றில் இருபத்தாறு நிமிடம். ஜமுக்காளத்துக்கு மட்டும் மூன்று நிமிடம். இத்தனை பேருக்கு நன்றி சொன்னவன் கடவுள் வாழ்த்துப் பாடியவருக்கு ஒரு முறைகூடச் சொல்லவில்லை. வீட்டு மனுஷிக்கு மேடையில் நன்றி சொல்வது அழகல்ல என்று நினைத்தேன் போலிருக்கிறது. வீட்டிலும் சொன்னதாக நினைவில்லை.

இப்போது கைதட்டலுக்கு வருகிறேன். நீ நிறுத்தச் சொன்ன இடம்.

வரலாற்றில் 'அரங்கு அதிர்ந்த கைதட்டல்' என்று எழுதியிருந்தேன். அதிரத்தான் செய்கிறது. ஆனால் பத்தாவது முறை கேட்டபோது எனக்கு ஒன்று புரிந்தது. தட்டுவது இரண்டு பேர். ஒருவர் கிட்டத்தில் தட்ட ஆரம்பித்து நடந்துகொண்டே தூரம் போய், மறுபடி கிட்டத்தில் வருகிறார். ரப்பர் செருப்புச் சத்தம் கேட்கிறது. இன்னொருவர் உட்கார்ந்த இடத்திலேயே தட்டுகிறார். அந்தக் கையில் கண்ணாடி வளையல்.

அந்த வளையல் சத்தம் எனக்குத் தெரியும். முப்பது வருடம் காலையில் காப்பி வந்தது அந்தச் சத்தத்தோடுதான்.

எத்தனை வருடமாக இப்படி? மற்றவர்கள் எப்போது போனார்கள்? கோபமாகக் கேட்கவில்லை. தகவலாகக் கேட்கிறேன். மலருக்காகவும் அல்ல.

பார்த்தசாரதி


ஆவடி
15-8-93

சார்,

கேட்டுவிட்டீர்கள். இனி மறைத்துப் பயனில்லை.

மங்களம் ஆரம்பித்ததும் எழுந்துவிடுவார்கள். தப்பாக நினைக்காதீர்கள், அவர்கள் கெட்டவர்கள் இல்லை. குவார்ட்டர்ஸ் பக்கம் போகிற கடைசி பஸ் ஒன்பது பத்துக்கு. மறுநாள் காலை ஷிப்டு. முதல் இரண்டு வருடம் பத்திருபது பேர் உட்கார்ந்திருப்பார்கள். எழுபத்தைந்துக்குப் பிறகு யாருமில்லை. வித்வான்களும் பின்பக்கம் காப்பிக்குப் போய்விடுவார்கள். உங்கள் கண்ணுக்கு நேராக இரண்டு ஃபோகஸ் லைட். போதாதற்குப் படிக்கிற கண்ணாடி வேறு. உங்களுக்குத் தெரிய வழியே இல்லை.

முதல் தடவை நான் வயரைச் சுருட்ட ஆரம்பித்தேன். அம்மா முன்வரிசையிலிருந்து என் மேஜைக்கு வந்தார்கள்.

"தம்பி, சுருட்டாதே. அவர் இன்னும் முடிக்கலை."

"யாரும் இல்லியேம்மா. நாக்காலிங்கதான் கேட்டுக்கினு கீது."

"நீ இருக்கே. நான் இருக்கேன். முடிச்சதும் பலமா தட்டு."

"ஒரே எடத்துல தட்னா தெரிஞ்சிடும்மா."

"அப்ப நடந்துகிட்டே தட்டேன். உனக்கென்ன கால் வலிக்குதா?"

அப்படித்தான் ஆரம்பித்தது. சவுண்டுக்காரன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். ஆள் நிறைந்த அரங்கில் சத்தத்தை உடம்புகள் குடித்துவிடும். காலி அரங்கில், அதுவும் ஆஸ்பெஸ்டாஸ் கூரையில், இரண்டு பேர் தட்டினால் நாற்பது பேர் மாதிரி வரும். உங்களுக்குக் கேட்ட கைதட்டல் பொய் இல்லை சார். கொஞ்சம் திரும்பத் திரும்ப வந்தது, அவ்வளவுதான். நீங்கள் முடித்ததும் பின்பக்கம் போய் வித்வானை வழியனுப்பிவிட்டு வருவீர்கள். அப்போது அரங்கு காலியாக இருந்தால் யாருக்கும் சந்தேகம் வராது. ஒரு நாள் அம்மா சிரித்துக்கொண்டே சொன்னார்கள், "ஆபீஸ்ல யாரும் அவர் பேச்சைக் கேக்கறதில்லை. வீட்ல நான் கேக்கறதில்லை. இங்கயாவது கேக்கட்டுமே."

எண்பத்தைந்து அக்டோபர். கச்சேரிக்கு முதல் நாள் நானும் முனியம்மாவும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். நீங்கள் நோட்டீஸ் அடிக்கக் கொடுத்ததை வாங்கப் போயிருந்தீர்கள். அம்மா என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார்கள்.

"நாளைக்கு நான் இல்லை. வளையல் சத்தம் இல்லாம நீ ஒருத்தன் தட்டினா அவருக்குப் புரிஞ்சிடும். முடிக்கறதுக்கு முன்னால கரண்ட் போன மாதிரி பண்ணிடு."

"திட்டுவாரும்மா."

"திட்டட்டும். நான் வீட்டுக்கு வந்ததும் எல்லாத்தையும் நானே சொல்லிக்கிறேன். நீ சொல்லக் கூடாது."

மறுநாள் நான் மைக்கை நிறுத்தினேன். லைட்டை நிறுத்த மறந்துவிட்டேன். கரண்ட் போன இடத்தில் இரண்டு ஃபோகஸ் லைட் எரிந்துகொண்டிருந்தால் யார் நம்புவார்கள்? நீங்கள் கண்ணாடியைக் கழற்றி, லைட்டைக் கையால் மறைத்தீர்கள். நாற்காலியைப் பார்த்தீர்கள். நான்தான் எல்லாரையும் விரட்டியதாக நினைத்துக்கொண்டீர்கள். எனக்கு அப்பாடா என்று இருந்தது. என்னைத் திட்டத் திட்ட, நீங்கள் வேறு எதையும் யோசிக்கவில்லை.

அம்மா வீட்டுக்கு வரவில்லை. சாவுக்கு வந்து தெருக்கோடியில் நின்றேன். நீங்கள் பார்த்தீர்கள், கூப்பிடவில்லை. சொல்கிறேன் என்றவர்கள் போய்விட்டார்கள். அவர்கள் சொல்ல வேண்டியதை நான் எப்படிச் சொல்வது? அதனால்தான் எலி மேல் போட்டேன்.

வேம்புலி


நாக்பூர்
12-10-1993

வேம்புலி,

இரண்டு மாதமாகப் பதில் எழுதாததற்குக் காரணம் எதுவும் இல்லை. பேனாவை எடுத்தால் 'பொருள்' என்று எழுதிவிட்டு நின்றுவிடுகிறேன். பொருளை என்னவென்று போடுவது என்று தெரியவில்லை. அதனால் இந்தக் கடிதத்திலும் போடவில்லை.

அம்பத்தூருக்கும் வில்லிவாக்கத்துக்கும் உன்னைப் பற்றி நான் எழுதியது தவறு என்று அந்த இரண்டு சபைகளுக்கும் எழுதினேன். ஒரு கடிதம் 'விலாசதாரர் இல்லை' என்று திரும்பி வந்துவிட்டது. இன்னொன்று வரவில்லை. அங்கே யாரோ படித்திருப்பார்கள் என்று வைத்துக்கொள்வோம்.

கச்சேரி நாளன்று ஆஸ்பத்திரியில் அவள் என்னிடம், "நோட்டீஸ் அடிச்சாச்சு, நீங்க போயிட்டு வாங்க" என்றாள். நானும் போனேன். நோட்டீஸ் அடித்துவிட்டால் போகத்தானே வேண்டும் என்று எட்டு வருடமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். போகாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் அன்று சொல்லியிருப்பாளோ என்னவோ. சொல்லியிருந்தால் கோபித்துக்கொண்டிருப்பேன். பிறகு சிரித்திருப்பேன் என்று நினைக்கிறேன். நிச்சயமாகச் சொல்ல முடியாது.

இப்போது தினமும் காலையில் ஒரு கேசட். 'வருவோர்க்கெல்லாம் வாசல் திறந்த' என்பாள். டக்கென்று நிற்கும். 'நாயகனே' என்று நான் சொல்லி முடிப்பேன். புஷ்பா நான் சாமி கும்பிடுவதாக நினைத்து டிவியைக் குறைக்கிறாள். இந்த வீட்டில் என் குரலுக்காக ஒன்றைக் குறைப்பது அந்த ஒரு நேரம்தான். அதனால் விளக்கம் சொல்லவில்லை.

மலருக்கு வரலாற்றைக் கொடுத்துவிட்டேன். இரண்டு பக்கம் ஒதுக்கியிருந்தார்கள், அரைப்பக்கத்தில் முடித்துவிட்டேன். மலர்க்குழுவுக்கு முதல்முறையாக என்மேல் மரியாதை வந்திருக்கிறது. மிச்ச இடத்தில் ஊறுகாய் விளம்பரம் வருகிறது. நான் எழுதியது இதுதான், திருத்தம் இருந்தால் சொல்:

'ஆவடி–பூந்தமல்லி சாலையில் இருந்த உர குடோன் ஒன்றில் 1972 முதல் 1985 வரை கச்சேரிகள் நடந்தன. மழை நாளில் யூரியா வாடை வரும். பாட வந்தவர்கள் நன்றாகப் பாடினார்கள். கேட்க வந்தவர்கள் மங்களம் வரை கேட்டார்கள், பிறகு பஸ்ஸைப் பிடித்தார்கள். நன்றியுரை வரை இருந்தவர்கள் இருவர். ஒருவர் கடவுள் வாழ்த்துப் பாடிய வரலட்சுமி. இன்னொருவர் ஒலிபெருக்கி வைத்திருந்த வேம்புலி. அவர்கள் கைதட்டுவதற்காகவே கடைசி வரை இருந்தார்கள். ஒலிபெருக்கியில் ஒரு நாளும் கோளாறு ஏற்படவில்லை. இப்போது அந்த இடத்தில் தையல் மிஷின்கள் ஓடுகின்றன.'

கடைசிக் கேசட்டையும் போட்டுப் பார்த்தேன். நீ சொன்னது போல 'ஹலோ, மைக் டெஸ்ட்' என்று உன் குரல், பிறகு என் உரை. பதினெட்டாவது நிமிடத்தில், 'அடுத்ததாக நான் நன்றி சொல்ல வேண்டியவர்' என்கிறேன். அங்கே நின்றுவிடுகிறது. யார் பெயரைச் சொல்ல இருந்தேன் என்று எவ்வளவோ யோசித்துப் பார்த்தேன். பந்தல்காரராகத்தான் இருக்கும். அது யாராக இருந்தாலும், அந்த இடம் இன்னும் காலியாக இருக்கிறது.

அதை இப்போது முடித்துக்கொள்கிறேன். வரலட்சுமிக்கு நன்றி. உனக்கு நன்றி. நடந்துகொண்டே தட்டிய உன் கால்களுக்கும் நன்றி.

இவ்வளவுதான் வேம்புலி. நீ மைக்கை அணைக்கலாம். லைட்டையும் மறந்துவிடாதே.

பார்த்தசாரதி